குளிக்கத்தானே போறீங்க?

மாதத்துக்கு இரண்டு தடவையாவது காலைப் பேப்பருக்குள் இருந்து வழவழவென்று ஒரு நோட்டீஸ் நழுவி விழுகிறது. முன்பெல்லாம் நகைக்கடை நோட்டீஸ் விழும். அப்புறம் எல்.கே.ஜி. அட்மிஷன், அதற்கப்புறம் 'பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிடம்' என்று பிளாட். இப்போது பாத்ரூம். வெள்ளைத் துண்டு சுற்றிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, மூன்று மெழுகுவத்தி, ஒரு மூங்கில் செடி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய நாலு கூழாங்கல். 'உங்கள் மாஸ்டர் பாத்ரூமை ஸ்பாவாக மாற்றுங்கள்' என்று கொட்டை எழுத்து. கீழே செல் நம்பர்.

கே.கே.நகர், அண்ணா நகர், திருப்பாலை, நத்தம் ரோடு என்று மதுரையில் எந்தப் பக்கம் புது வீடு பார்க்கப் போனாலும், ஹாலையும் பூஜை ரூமையும் அவசரமாகக் காட்டிவிட்டு வீட்டுக்காரர் நம்மைக் கையைப் பிடித்து அழைத்துப் போகும் இடம் பாத்ரூம்தான். "உள்ள வாங்கண்ணே, சும்மா பாருங்க" என்கிறார். கூச்சமாக இருக்கிறது. தலைக்கு மேலே தாம்பாளம் சைஸில் ரெயின் ஷவர். பக்கவாட்டுச் சுவரிலிருந்து பீய்ச்ச ஆறு ஜெட். கண்ணாடித் தடுப்பு. தொட்டி. தொட்டிக்குள் நுரை கிளப்ப மோட்டார். ஆவிக் குளியலுக்கு ஒரு சின்னப் பெட்டி. தரை 'இத்தாலியன் ஃபினிஷ்'. (இத்தாலி எல்லாம் இல்லை, பெரும்பாலும் குஜராத்தில் மோர்பியில் சுட்டது. அதில் தப்பில்லை, மோர்பிக்காரர்கள் உழைப்பாளிகள்.)

ஆவிக் குளியல்! மதுரையில்! சித்திரை மாதத்து மதியம் டவுன் ஹால் ரோட்டில் கால் மணி நேரம் நின்றால் அதை இனாமாகவே தருகிறார்கள். மே மாதம் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்க முடியாமல் ராத்திரியே பக்கெட்டில் பிடித்து ஆற வைக்கிற ஊர் இது. இங்கே ஒருவர் காசு கொடுத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, கரண்ட் செலவழித்து வேர்க்கப் போகிறார் என்றால் அவரிடம் என்ன சொல்வது?

"உமக்கென்னய்யா பொறாமை? என் காசு, என் வீடு, என் பாத்ரூம்" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. காசிலிருந்தே ஆரம்பிப்போம். எனக்கு பி.காம். புத்தி, எதைப் பார்த்தாலும் முதலில் அதுதான் ஓடும்.

ஐந்து லட்ச ரூபாய் எஸ்டிமேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருந்தால் சரி. ஆனால் பெரும்பாலும் வீட்டுக் கடன் மேலேயே 'டாப் அப்' போட்டுத்தான் செய்கிறார்கள். ஒன்பது சதவிகித வட்டி, பத்து வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 6,330 ரூபாய். முடிக்கும்போது கட்டியிருப்பது 7 லட்சத்து 60 ஆயிரம். அதாவது குளிப்பதற்கு மட்டும் தினம் 210 ரூபாய், சோப்பு தனி. பத்தாவது வருடம் கடன் முடிகிற நேரத்தில் அந்த மோட்டார் இருக்காது, கண்ணாடிக் கதவின் ரப்பர் இருக்காது, சுவருக்குள் புதைத்த குழாயில் கசிவு இருக்கும். புதைத்த குழாயைச் சரி செய்ய டைல்ஸை உடைக்க வேண்டும். அதே டிசைன் டைல்ஸ் அப்போது கடையில் கிடைக்காது. ஆகவே மறுபடியும் முழுசாக... புரிகிறதல்லவா? நோட்டீஸ் அடித்தவர் உங்கள் பிள்ளைகளையும் கஸ்டமராகப் பிடித்து வைத்திருக்கிறார்.

போகட்டும், அது உங்கள் காசு. ஆனால் தண்ணீர் உங்களுடையது இல்லை.

பழைய முறையில் ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு மக். பதினைந்திலிருந்து இருபது லிட்டரில் ஒரு மனிதர் தாராளமாகக் குளித்துவிடலாம். நல்ல பெரிய ரெயின் ஷவர் நிமிடத்துக்குப் பதினைந்து லிட்டர் சாதாரணமாகக் கொட்டும். பத்து நிமிடம் நின்றால் 150 லிட்டர். பாதாளச் சாக்கடை வசதி உள்ள இந்திய நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, கழுவ, எல்லாவற்றுக்கும் சேர்த்து அரசாங்கம் வைத்திருக்கும் அளவே 135 லிட்டர்தான். கிராமத்துக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். உங்கள் ஒரு குளியல், பக்கத்துக் கிராமத்தில் இரண்டரை ஆளின் ஒரு நாள்.

வீட்டில் நாலு பேர் என்றால் பக்கெட் கணக்கில் தினம் 80 லிட்டர், ஷவர் கணக்கில் 600 லிட்டர். ஆறாயிரம் லிட்டர் டேங்கர் லாரி ஒன்றை, முதல் குடும்பம் குளிப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டால் 75 நாள் வரும். இரண்டாவது குடும்பத்துக்குப் பத்தே நாள்.

அந்த லாரி எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளாவது பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? ஊரைத் தாண்டி, தோட்டத்துக் கிணற்றிலும் ஆழ்குழாயிலும் போய் நிற்கும். நெல்லுக்கும் மல்லிகைக்கும் பாய வேண்டிய தண்ணீர். விவசாயத்தில் கிடைப்பதைவிட லாரிக்காரர் கொடுப்பது நிச்சயமான பணம், அதனால் விற்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாங்குகிறவரைத்தான் கேட்கிறேன்.

குழாயில் வருவது வைகை அணைத் தண்ணீர். 1959-ல் திறந்த அணை, முழு உயரம் 71 அடி. அதிலும் பெரும் பகுதி பெரியாறு தரும் தண்ணீர். மலைக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததை 1895-ல் பென்னிகுக் கட்டிய அணை இந்தப் பக்கம் திருப்பியது. அதற்கும் கேரளாவுக்கும் நமக்கும் உள்ள வழக்கு உங்களுக்கே தெரியும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, மறு வருடம் வைகை அணை வற்றியபோது நடந்ததும் மறந்திருக்காது. 2017 ஏப்ரலில் அப்போதைய அமைச்சர் செல்லூர் ராஜு தண்ணீர் ஆவியாவதைத் தடுக்க அணையில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார். காற்றடித்து அட்டை கரைக்கு வந்துவிட்டது. தமிழ்நாடே சிரித்தது. நாமும் சிரித்தோம். சிரித்துவிட்டு, அதே அணைத் தண்ணீரை அரை மணி நேரம் நுரை கிளப்பி உட்கார வாங்கும் தொட்டிக்கு இ.எம்.ஐ. கட்டுகிறோம். தெர்மாகோலாவது தண்ணீரைக் காப்பாற்றத்தான் வாங்கப்பட்டது.

தொட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. ஜக்கூஸி என்பது ஏதோ இன்பத்துக்கு இத்தாலி மொழியில் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு குடும்பப் பெயர். இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன சகோதரர்கள், விவசாயத்துக்குப் பம்ப் செய்து விற்றவர்கள். வீட்டுப் பையன் ஒருவனுக்கு மூட்டுவாதம். ஆஸ்பத்திரியில் கொடுத்த நீர்ச் சிகிச்சையை வீட்டிலேயே கொடுக்க, 1950-களில் ஒரு பம்பைக் குளிக்கும் தொட்டிக்குள் இறக்கினார்கள். 1968-ல் அதே குடும்பத்து வாரிசு ராய் ஜக்கூஸி பம்பையும் தொட்டியையும் ஒன்றாக்கி விற்க ஆரம்பித்தார். ஆக, விஷயம் பம்ப் செட்தான்!

பம்ப் செட்டில் குளிக்காத மதுரைக்காரர் உண்டா? சோழவந்தான் பக்கம், மேலூர் பக்கம், அலங்காநல்லூர் பக்கம் சொந்தக்காரர் தோட்டத்துக்கு லீவில் போனால் மூன்று அங்குலக் குழாயிலிருந்து முதுகில் வந்து அறையுமே, அதைவிடவா ஆறு ஜெட்? நோட்டீஸ்காரர் சொல்லாத ஒரு வித்தியாசம் அதில் இருக்கிறது. பம்ப் செட்டில் உங்கள் மேல் விழுந்த தண்ணீர் தொட்டியிலிருந்து வழிந்து, வாய்க்காலில் ஓடி, அடுத்த நிமிடம் வயலுக்குள் போய்விடும். நீங்கள் நடுவில் நின்று கொஞ்சம் நனைந்துகொண்டீர்கள், அவ்வளவுதான். குற்றாலத்திலும் அப்படித்தான், அருவியில் நின்று திரும்பிய பிறகும் ஆறு அதே ஆறாகத்தான் கீழே இறங்கியது, கொஞ்சம் எண்ணெயோடு.

ஸ்பா தண்ணீர் எங்கே போகிறது?

இந்தக் கேள்வியை நம் வீட்டில் யாரும் கேட்பதில்லை. குழாயைத் திறந்தால் வருகிறதா என்று பார்ப்போம். போனது எங்கே போனால் நமக்கென்ன? மதுரை மாநகராட்சி 2011-ல் 72 வார்டிலிருந்து 100 வார்டாகப் பெருத்தது. சேர்ந்த பகுதிகளில்தான் புது வீடுகள் அதிகம், ஸ்பாக்களும் அதிகம். அங்கே வருடக்கணக்கில் பாதாளச் சாக்கடைக்குக் குழி தோண்டினார்கள், தோண்டுகிறார்கள். பல தெருவில் இன்னும் செப்டிக் டேங்க்தான். அது நிறையும். தினம் 80 லிட்டருக்கு நிறைவதற்கும் 600 லிட்டருக்கு நிறைவதற்கும் வித்தியாசம் உண்டு. நிறைந்தால் ராத்திரியோடு ராத்திரியாக மழைநீர் வாய்க்காலுக்கு ஒரு குழாய். (உங்கள் தெருவில் இல்லையா? ரொம்ப சந்தோஷம். பக்கத்துத் தெருவில் இருக்கும்.) அந்த வாய்க்கால் கண்மாய்க்கு, கண்மாய் மறுகால் வைகைக்கு. செல்லூர்க் கண்மாயின் உபரி நீரை ஆற்றுக்குக் கொண்டுபோகத்தான் பந்தல்குடி கால்வாய். இன்று அதில் ஓடுவது என்ன என்று பாலத்தின் மேல் பஸ்ஸில் போகும்போதே தெரியும், பார்க்கக்கூட வேண்டாம். 2025 மே மாதக் கடைசியில் முதலமைச்சர் ஸ்டாலின் மதுரையில் ரோடு ஷோ வந்தபோது, அவர் கண்ணில் படாமலிருக்க அந்தக் கால்வாயோரம் துணி கட்டி மறைத்தார்கள். செய்தி வந்து நாறிய பிறகு அவரே போய்ப் பார்த்தார்.

அதிகாரிகள் கட்டிய துணிக்குத் திட்டினோம். சரிதான். ஆனால் மூங்கில் செடியும் மெழுகுவத்தியும் வைத்து நாம் வீட்டுக்குள் கட்டுவதும் அதே துணிதானே? அதே 2025-ல் வந்த ஸ்வச் சர்வேக்ஷன் பட்டியலில், பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள 40 நகரங்களில் மதுரைக்குக் கிடைத்த இடம் நாற்பது. வீட்டுக்குள்ளே ஐந்து நட்சத்திரம், வாசலைத் தாண்டினால் நாற்பதாவது இடம். கீழடி இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய உறைகிணறும், செங்கல் கட்டுமானமும், தண்ணீர் போகச் சுடுமண் குழாயும் அங்கே கிடைத்தன. மியூசியத்தில் செல்ஃபி எடுத்துக்கொள்கிறோம். வந்த தண்ணீர் எப்படிப் போகும் என்று யோசித்தவன் நம் பாட்டன் என்று யாராவது அதைப் பார்த்து வெட்கப்பட்டோமா?

இப்போது நிஜமாகவே என்னைக் கோபப்படுத்துகிற இடத்துக்கு வருகிறேன்.

மதுரையின் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீர் கண்ணாடித் தடுப்பில் பட்டுக் காய்ந்தால் ஒரே வாரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும். ரெயின் ஷவரின் கண் ஒவ்வொன்றாக அடையும். கருப்பு டைல்ஸ் சாம்பல் பூசினது மாதிரி ஆகும். நோட்டீஸில் உள்ள பாத்ரூம் நோட்டீஸ் மாதிரியே இருக்க வேண்டுமானால் அதை யாராவது தினம் தேய்க்க வேண்டும். யார்? நீங்களா? நானா?

வேலைக்கு வருகிற அக்கா. ஆசிட் பாட்டிலோடு. ஜன்னலைக் கண்ணாடி போட்டு மூடிவிட்டு ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்திருக்கிறீர்களே, அந்த அறைக்குள். ஆசிட் புகை மூக்கிலும் நெஞ்சிலும் ஏறும். கறை போகவில்லையே என்று அவர் அதோடு கொஞ்சம் பிளீச்சிங் பவுடரையும் கலந்தார் என்றால் கிளம்புவது குளோரின். இதைச் செய்யாதே என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. அதே ஆசிட் செப்டிக் டேங்க்குக்குள் போய், கழிவை மக்க வைக்கும் நுண்ணுயிரைக் கொல்கிறது. மக்காத டேங்க் சீக்கிரம் நிறைகிறது. நிறைந்தால் லாரி. லாரியின் குழாய் அடைத்துக்கொண்டால் ஒரு ஆள்.

மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் இருக்கிறது. செத்தால் பத்து லட்சம் இழப்பீடு என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகைதான் உயர்ந்திருக்கிறது. 1993-லிருந்து எடுத்த கணக்கில் சாக்கடைச் சாவு அதிகம் நடந்த மாநிலம் நம்முடையது. மதுரையில் 2022 ஏப்ரலில், பழங்காநத்தம் பக்கம் நேரு நகரில் இருக்கும் கழிவுநீரேற்று நிலையத்தில் ஒரு ராத்திரி வேலைக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் மூன்று பேர் விஷவாயுவில் செத்தார்கள். நகரம் முழுவதும் குளித்த தண்ணீரும் கழித்ததும் போகிற வழியில் அவர்கள் நின்றிருந்தார்கள். நாம் ஊற்றுவது கூடக்கூட அந்த நிலையத்தில் ஓடும் மோட்டாரும் கூடுதல் நேரம் ஓட வேண்டும், கெட வேண்டும், அதைச் சரி செய்ய யாராவது வர வேண்டும்.

சரி, அந்த வேலைக்கார அக்காவுக்கு வருவோம். எட்டு மணிக்கு வந்து, நாலு வீடு முடித்து, மதியம் இரண்டு மணிக்குத் திரும்புகிறார். இந்த ஆறு மணி நேரத்தில் அவர் எங்கே ஒன்றுக்குப் போகிறார் என்று எப்போதாவது யோசித்தீர்களா? வழவழவென்று தேய்த்துக் கொடுத்த அந்த பாத்ரூமை அவர் உபயோகிக்கலாமா? உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஒரு நிமிடம் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் "அவங்களா கேக்க மாட்டாங்க" என்பார்கள். கேட்க மாட்டார்தான். தண்ணீர் குடிக்காமல் இருந்துகொள்வார். கிட்னியில் கல், நீர்க்கடுப்பு, காய்ச்சல் என்று இரண்டு நாள் லீவு போட்டால் "இவ அடிக்கடி லீவு போடுறா" என்று சம்பளத்தில் பிடிப்போம்.

நான் பாத்ரூமுக்கு எதிரி இல்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2011 சென்சஸில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 வீட்டில்தான் கழிப்பறை இருந்தது. பொழுது விடிவதற்குள் கண்மாய்க் கரைக்கும் முள்ளுக்காட்டுக்கும் போய்வந்த தலைமுறைப் பெண்களுக்கு, படுக்கை அறையை ஒட்டி, தாழ்ப்பாள் உள்ள ஒரு அறை கிடைத்தது சாதாரண விஷயமா? ராத்திரி இரண்டு மணிக்கு பயமில்லாமல் எழுந்து போகலாம் என்பது பெரிய சுதந்திரம். அதில் எத்தனை செலவழித்தாலும் தகும். நான் கேட்பது, அந்தச் செலவை யாருக்காகச் செய்கிறீர்கள் என்றுதான்.

ஏனென்றால் இந்த ஸ்பாவில் வீட்டுப் பெரியவர்களுக்கே இடமில்லை. கண்ணாடி மாதிரி தரை, சோப்புத் தண்ணீர், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது, ஏறி இறங்கத் தொட்டி. எழுபது வயது அம்மா இடுப்பெலும்பு முறிந்து விழுந்தால் ஆபரேஷன் செலவு ஒரு பக்கம், அதற்குப் பிறகு பலரும் பழையபடி நடப்பதே இல்லை என்பது இன்னொரு பக்கம். சொரசொரப்பான டைல்ஸ், கம்மோடுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி, உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல், வெளியிலிருந்தும் திறக்கிற தாழ்ப்பாள். எல்லாம் சேர்ந்து அந்த ரெயின் ஷவர் விலைகூட வராது. நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கிறது. கைப்பிடிக் கம்பி வேண்டும் என்று இன்டீரியர்காரரிடம் சொல்லிப் பாருங்கள். "அது ஆஸ்பத்திரி லுக் வந்துரும் சார்" என்பார். லுக்கா? உங்கள் அம்மா விழுந்தால் நிஜ ஆஸ்பத்திரியே பார்க்கலாம்.

கேஸ் கீசரை மட்டும் மூடிய பாத்ரூமுக்குள் வைக்கவே வைக்காதீர்கள். வாசனையே தெரியாத கார்பன் மோனாக்ஸைடு அதில் வரும், குளிக்கப் போனவர் மயங்கி விழுந்து அப்படியே போய்விடுவார். வருடா வருடம் நாட்டில் எங்காவது நடக்கிறது. கையகல ஜன்னல் ஒன்று மேலே திறந்தே இருக்கட்டும், கொசு வலை அடித்துக்கொள்ளுங்கள்.

பாத்ரூமை மாற்றத்தான் வேண்டுமா, மாற்றுங்கள். மூன்று லிட்டர், ஆறு லிட்டர் என்று இரண்டு பட்டன் உள்ள ஃபிளஷ் டேங்க் போடுங்கள், பழையது ஒரு இழுப்புக்குப் பத்து லிட்டருக்கு மேல் முழுங்கும். குளிக்கிற தண்ணீர் போகும் குழாயைக் கக்கூஸ் குழாயிலிருந்து பிரித்து, பின்பக்கம் வாழைக்கும் கருவேப்பிலைக்கும் விடச் சொல்லுங்கள். நம் பாட்டி வீட்டுக் கொல்லையில் இருந்த ஏற்பாடுதான், எஞ்சினியருக்குப் புதிதாகத் தோன்றும். 2003-ல் சட்டம் போட்டுக் கட்ட வைத்த மழைநீர்த் தொட்டி உங்கள் வீட்டில் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று மூடியைத் திறந்து பாருங்கள். ஆசிட்டை நிறுத்துங்கள். கறை கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும், அங்கே யாருக்குப் பொண்ணு பார்க்கிறீர்கள்?

பட்ஜெட்டில் இடமிருந்தால் மாடிப்படிக்கு அடியிலோ கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னாலோ நாலுக்கு நாலில் வெளியிலிருந்து போகிற மாதிரி ஒரு கக்கூஸ். அது முடியாவிட்டால் இருக்கிற பாத்ரூமை வேலைக்கார அக்காவுக்குத் திறந்துவிடுங்கள். அதற்கு எஸ்டிமேட் கிடையாது.

வேலை ஆரம்பிக்கிற அன்றைக்கே இன்னொன்று. கொத்தனார், டைல்ஸ் போடுகிறவர், பிளம்பர், சிமென்ட் சுமக்கிற சித்தாள் அம்மா என்று ஒரு மாதம் ஐந்தாறு பேர் உங்கள் வீட்டு பாத்ரூமை உடைத்துக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த ஒரு மாதமும் அவர்கள் எங்கே போவார்கள்? ஆண்கள் காலி மனையைப் பார்த்துக்கொள்வார்கள், சித்தாள் அம்மா சாயங்காலம் வீடு போகிற வரை அடக்கிக்கொள்வார். முதல் நாள் காலையில் டீ கொடுக்கும்போதே, கீழே உள்ள இன்னொரு கக்கூஸை அவருக்குக் காட்டி, "சாவி இந்த ஆணியில தொங்கும்மா, எப்ப வேணும்னாலும் எடுத்துக்க" என்று சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.